நாடியைத் தைத்த கரங்கள்

டொக்டர் அலெக்சிஸ் கரெலின் வாழ்க்கை



முறிந்த எலும்பு மீண்டும் பொருந்தும் என்பது நமது பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே எல்லோரும் அறிந்த விடயம். நேராக்கி, மட்டை வைத்துக் கட்டி, சில கிழமைகள் அசையாமல் கிடந்தால் எலும்பு தானாகவே கூடிக்கொள்ளும். ஆனால் எலும்பு முறியும்போது அதன் அருகே ஓடும் இரத்தக் குழாயும் அறுந்துவிட்டால் என்ன செய்வது?

உங்கள் முழங்காலின் பின்புறக் குழியில் விரல்களை வைத்து ஆழமாக அழுத்திப் பாருங்கள். அங்கே ஒரு நாடி துடிப்பதை உணர்வீர்கள். கெண்டைக்காலுக்கும் பாதத்துக்கும் செல்லும் இரத்தம் பெரும்பாலும் அந்த ஒரே வழியாகத்தான் இறங்குகிறது. அந்நாடி முழங்காலுக்கு மேலும் கீழும் இறுகப் பிணைக்கப்பட்டிருப்பதால், எலும்பு முறிந்து விலகும்போது அதனால் நழுவி விலக முடிவதில்லை. அது இழுபட்டுக் கிழிகிறது, அல்லது எலும்பின் கூரிய முனையால் வெட்டுப்படுகிறது. உடனே பாதம் குளிர்ந்து வெளிறிப் போகும். ஏறக்குறைய 6 மணித்தியாலத்துக்குள் இரத்தம் மீண்டும் ஓடாவிட்டால் தசைகளும் நரம்புகளும் இறக்கத் தொடங்கும். பிறகு எலும்பை எவ்வளவு அழகாகப் பொருத்தினாலும் பயனில்லை. கால் செத்துவிடும்.

நூற்றாண்டுகளாக வைத்தியர்கள் அறிந்திருந்த வழி ஒன்றுதான். இரத்தம் பெருகும் குழாயை நூலால் இறுகக் கட்டிவிடுவார்கள். அதனால் உயிர் தப்பும், கால் போய்விடும். கட்டுவதற்குப் பதிலாகத் தைக்கலாம், தைத்த குழாயில் இரத்தம் முன்போல ஓடும் என்று உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர் பிரான்ஸ் தேசத்தவரான டொக்டர் அலெக்சிஸ் கரெல். லூர்து அன்னையின் திருத்தலத்தோடு சேர்த்து அவருடைய பெயரை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய வாழ்வு முழுவதையும் இன்று பார்ப்போம். அதில் ஒளியும் உண்டு, இருளும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் சொல்வதே நல்லது.

பட்டு நகரின் பிள்ளை

1873ஆம் ஆண்டு யூன் மாதம் 28ஆம் திகதி, லியோன் நகரை அடுத்த செயின்ட் பொய் என்னும் ஊரில் அவர் பிறந்தார். லியோன், பட்டு நெசவுக்குப் பெயர் போன நகரம். தந்தையாரும் துணித் தொழில் செய்தவரே. பிள்ளை சிறுவனாயிருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். ஞானஸ்நானத்தில் இடப்பட்ட பெயர்கள் வேறாயிருந்தும், தந்தையின் பெயரான அலெக்சிஸ் என்பதையே மகனும் தனதாக்கிக் கொண்டார். பக்தியுள்ள தாயார் விதவைக் கோலத்தில் பிள்ளைகளை வளர்த்தார்.

இயேசு சபைக் குருமாரின் பாடசாலையில் கல்வி கற்றபின், லியோன் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் படிக்கச் சேர்ந்தார். அக்காலத்துப் பிரான்சில் விஞ்ஞானமும் விசுவாசமும் எதிரிகள் என்றே பலர் எண்ணினர். இளைஞர் கரெலும் அவ்வெண்ணத்தில் அகப்பட்டார். தாயின் மடியில் கற்ற செபங்கள் மெல்ல மெல்ல அவரை விட்டகன்றன. கண்ணால் கண்டு, கையால் தொட்டு, அளந்து பார்த்ததையன்றி வேறெதையும் நம்பாத ஒருவராக அவர் மாறினார்.

ஒரு ஜனாதிபதியின் மரணம்

1894ஆம் ஆண்டு யூன் 24ஆம் திகதி பிரான்சின் ஜனாதிபதி சாதி கார்னோ லியோன் நகருக்கு வருகை தந்தார். அன்றிரவு அவர் வண்டியில் செல்லும்போது, அரசாங்கமே வேண்டாமென்னும் கொள்கையுடைய இத்தாலிய வாலிபன் ஒருவன் பாய்ந்து வந்து வயிற்றில் கத்தியால் குத்திவிட்டான். ஈரலுக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய் வெட்டுண்டது. நகரின் பேர்பெற்ற சத்திர வைத்தியர்கள் சூழ்ந்து நின்றனர். ஆனால் அந்த வெட்டை அடைக்க அவர்களிடம் வழியிருக்கவில்லை. நள்ளிரவு கடந்து சிறிது நேரத்தில் ஜனாதிபதியின் உயிர் பிரிந்தது.

அப்போது கரெலுக்கு 21 வயது நிரம்ப நான்கு நாட்களே இருந்தன. வைத்திய மாணவனான அவருடைய மனத்தில் அம்மரணம் ஆழமாகப் பதிந்தது. துணி கிழிந்தால் தைக்கிறோம், தோல் கிழிந்தாலும் தைக்கிறோம், இரத்தக் குழாய் கிழிந்தால் மட்டும் ஏன் கைவிட வேண்டும் என்று அவர் சிந்தித்தார். பெரியவர்கள் முடியாதென்றார்கள். அவர்கள் சொன்னதற்குக் காரணமும் இருந்தது. இரத்தக் குழாய் மெல்லியது. ஊசி துளைத்த இடமெல்லாம் கசியும். உட்புறத்தில் நூல் தெரிந்தால் அதைச் சுற்றி இரத்தம் உறைந்து குழாயே அடைபட்டுவிடும்.

இதை முயன்றவர்களில் அவர் முதல்வரல்லர். 1896ஆம் ஆண்டில் சிக்காகோவைச் சேர்ந்த டொக்டர் மேர்பி, தொடை நாடி ஒன்றின் வெட்டுண்ட இரு முனைகளையும் ஒன்றினுள் ஒன்றாகப் புகுத்தித் தைத்திருந்தார். லியோனிலேயே பேராசிரியர் ஜபுலே இத்துறையில் முன்னோடியாக விளங்கினார். ஆயினும் நம்பிக்கையோடு எந்த வைத்தியரும் கைக்கொள்ளக்கூடிய முறை ஒன்று அதுவரை இருக்கவில்லை.

பூவேலைக்காரியின் மாணவன்

இங்கேதான், வாசகர்களே, மனங்கொள்ள வேண்டிய ஒரு காரியம் நடக்கிறது. கரெல் தமக்கு வேண்டிய ஆசிரியரை வைத்திய கலாசாலையில் தேடவில்லை. லியோனில் திருமதி லெருடியே என்னும் பெண்மணி துணியில் பூவேலை செய்வதில் ஒப்பற்றவராகத் திகழ்ந்தார். பட்டம் பெற்ற வைத்தியர் அந்தத் தையற்காரியிடம் சென்று, மெல்லிய ஊசியைப் பிடிக்கவும், கண்ணுக்குத் தெரியாதபடி சின்னஞ்சிறு தையல் போடவும் கற்றுக்கொண்டார். மிக மெல்லிய ஊசிகளையும் பட்டு நூலையும் தேடி எடுத்தார். நூல் குழாயின் சுவரைக் கிழிக்காமல் வழுக்கிச் செல்லவும், அதன்மேல் இரத்தம் உறையாதிருக்கவும் வாசலின் பூசினார்.

பிறகு அவர் கண்டுபிடித்த முறையைக் கேளுங்கள். கேட்டால் இவ்வளவுதானா என்பீர்கள். வெட்டுண்ட குழாயின் வாய் வட்டமானது. வளைந்த விளிம்பைத் தைப்பது கடினம். முன்பக்கத்தைத் தைக்கும் ஊசி பின்பக்கச் சுவரையும் சேர்த்துப் பிடித்துவிடலாம். நூலை இறுக்கினால் வாய் சுருங்கிவிடலாம். ஆகவே இரு முனைகளையும் சேர்த்து, சம தூரத்தில் மூன்று இடங்களில் மூன்று தையல்கள் போட்டார். அம்மூன்று நூல்களையும் மூன்று பக்கமாக மெதுவாக இழுத்துப் பிடித்ததும் வட்டம் முக்கோணமாயிற்று! முக்கோணத்தின் பக்கங்கள் நேர்கோடுகள் அல்லவா? நேர்கோட்டைத் தைப்பது எளிது. ஒவ்வொரு பக்கமாகத் தைத்து முடித்து நூல்களைத் தளர்த்தினால் குழாய் மீண்டும் வட்டமாகிவிடும். உட்புறத் தோல் உட்புறத் தோலோடு சேரும்படி விளிம்புகளை வெளிப்பக்கம் மடக்கித் தைத்ததால் இரத்தம் உறைவதும் குறைந்தது.

1902ஆம் ஆண்டு லியோன் வைத்திய சஞ்சிகையில் அவர் இதை வெளியிட்டார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்தபின்பும் இன்றைய சத்திர வைத்தியர்கள் கற்கும் நாடித் தையலின் அடிப்படை இதுவேயாகும்.

லூர்து நகர்ப் பயணம்

அதே 1902ஆம் ஆண்டு மே மாதத்தில், நோயாளிகளை லூர்து நகருக்கு ஏற்றிச் செல்லும் புகையிரதத்தில் கரெல் ஒரு வைத்தியராகச் சென்றார். பக்தியால் அவர் செல்லவில்லை. அங்கு நடப்பதாகச் சொல்லப்படுவனவற்றைத் தம் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணமே அவரைக் கொண்டு சென்றது. நோயாளிகளுள் மரி பாயி என்னும் இளம்பெண் ஒருத்தி இருந்தாள். காசநோய் வயிற்றைத் தாக்கியிருப்பதாக வைத்தியர்கள் கூறியிருந்தனர். வயிறு வீங்கி, நாடி தளர்ந்து, மரணத் தறுவாயில் கிடந்தாள். அவள் உயிரோடு வீடு திரும்புவாளென்று கரெல் எண்ணவில்லை.

மே 28ஆம் திகதி தீர்த்தக் குளத்தருகே அவளுடைய வயிற்றின்மேல் மாதாவின் சுனைநீர் ஊற்றப்பட்டது. அதன்பின் கெபியின் முன்னே கிடந்தபோது, அவளுடைய முகம் தெளிவடைவதையும், வீங்கிய வயிறு தாழ்வதையும் கரெல் அருகில் நின்றே பார்த்தார். நேரத்தையும் நாடித்துடிப்பையும் குறித்துக்கொண்டார். அன்று மாலையே அவள் உணவருந்திப் பேசினாள். பின்னர் புனித வின்சன்ட் தே போலின் பிறரன்புக் கன்னியர் சபையில் சேர்ந்து, 1937ஆம் ஆண்டு வரை வாழ்ந்தாள்.

இதைக் கூறும்போது நாம் அளவோடு பேச வேண்டும். திருச்சபை உத்தியோகபூர்வமாக ஏற்றுக்கொண்ட லூர்துப் புதுமைகளின் பட்டியலில் இச்சம்பவம் இடம்பெறவில்லை. கரெலும் உடனே மனந்திரும்பி முழந்தாளிடவில்லை. தாம் கண்டதைக் கண்டபடி சொன்னார். அதற்கு விளக்கம் தம்மிடம் இல்லையென்றார். விசுவாசிகள் சிலருக்கு அவருடைய பேச்சில் நம்பிக்கை போதாதென்று பட்டது. வைத்திய உலகத்துக்கோ அவர் நம்பியது அதிகமென்று பட்டது. லியோன் வைத்தியசாலைகளில் சத்திர வைத்தியர் பதவிக்கான போட்டிப் பரீட்சையில் அவர் சித்தியடையவில்லை. அங்கே தமக்கு எதிர்காலம் இல்லையென்று கண்டு, 1904ஆம் ஆண்டு பிரான்சை விட்டுக் கனடா தேசம் புறப்பட்டார். வைத்தியத்தையே விட்டு மாடு வளர்க்கும் எண்ணம் கூட அவருக்கு இருந்தது.

கடலுக்கு அப்பால்

நல்லவேளையாக மொன்றியல் நகர வைத்தியர்கள் அவருடைய திறமையை அறிந்துகொண்டனர். அங்கிருந்து சிக்காகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்று, சார்ல்ஸ் கத்றி என்னும் ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து வேலை செய்தார். 1906ஆம் ஆண்டு நியூயோர்க்கிலுள்ள றொக்பெல்லர் ஆராய்ச்சி நிலையம் அவரை அழைத்துக்கொண்டது.

அக்காலத்தில் இவ்விருவரும் மிருகங்களில் செய்த பரிசோதனைகளுள், முறிந்த காலுக்கு மிக வேண்டியது ஒன்றுண்டு. நாடி நசுங்கிச் சிதைந்துபோனால் இரு முனைகளையும் இழுத்துச் சேர்க்க முடியாது. இடையிலே ஒரு துண்டு குறைவாயிருக்கும். அந்த இடைவெளியில், உடலின் வேறோரிடத்திலிருந்து எடுத்த நாளத் துண்டை வைத்துத் தைக்கலாமென்று அவர்கள் காட்டினார்கள். நாளத்தின் சுவர் மெல்லியதாயினும் நாடியின் அழுத்தத்தைத் தாங்கி நாளடைவில் தடித்துவிடுகிறது. 1906ஆம் ஆண்டிலேயே மட்ரிட் நகரில் டொக்டர் கோயானெஸ், முழங்காலின் பின்னேயுள்ள நாடி வீங்கிய ஒருவருக்கு அருகிலிருந்த நாளத்தையே நாடியாக்கி இரத்தம் ஓடவைத்தார்.

1908ஆம் ஆண்டு மார்ச் மாதத்து இரவொன்றில் கரெலின் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. நியூயோர்க்கில் சத்திர வைத்தியர் ஒருவரின் பிறந்து சில நாட்களேயான பெண் குழந்தைக்கு இரத்தம் நில்லாமல் கசிந்துகொண்டிருந்தது. இரத்தம் உறையாமல் சேமித்து வைக்கும் முறை அன்று இல்லை. தகப்பனையே குழந்தையின் அருகே கிடத்தினார்கள். தகப்பனின் மணிக்கட்டு நாடியை எடுத்து, குழந்தையின் முழங்காலின் பின்னேயுள்ள நாளத்தோடு கரெல் தைத்தார். அந்த நாளம் எவ்வளவு சிறியதாயிருந்திருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்! மயக்க மருந்தும் கொடுக்கவில்லை. தைத்து முடித்ததும் தகப்பனின் இரத்தம் பிள்ளைக்குள் ஓடியது. வெளிறிக் கிடந்த உடல் தலையிலிருந்து பாதம் வரை சிவந்தது. குழந்தை பிழைத்தது.

1912ஆம் ஆண்டு வைத்தியத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 39. லியோன் வேண்டாமென்று விட்டவரை உலகம் அரவணைத்துக்கொண்டது.

யுத்தகளத்தில்

1914ஆம் ஆண்டு முதலாம் உலக யுத்தம் மூண்டபோது கரெல் பிரான்சில் இருந்தார். முந்திய ஆண்டில்தான் அவர் மணம் புரிந்திருந்தார். இராணுவ வைத்தியராகச் சேர்ந்த அவர், கொம்பியேன் நகரில் ஒரு ஹொட்டலை வைத்தியசாலையாக மாற்றி, மனைவியின் துணையோடு அதை நடத்தினார்.

இனி அவருடைய தையல் ஆயிரக்கணக்கான கால்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அப்படி நடக்கவில்லை. குண்டு துளைத்த போர்வீரன் சேற்றில் பல மணி நேரம் கிடந்தபின்பே வைத்தியரிடம் வந்து சேர்ந்தான். முறிந்த எலும்பைச் சுற்றி மண்ணும் துணித்துண்டும் எருவும் கலந்து காயம் அழுகியிருந்தது. கிருமி பிடித்த காயத்தில் போட்ட தையல் நிலைக்காது. ஆகவே அன்றும் வைத்தியர்கள் நாடியைக் கட்டவும் காலைத் துண்டிக்கவும் வேண்டியதாயிற்று.

கரெல் மனந்தளரவில்லை. தையலுக்கு முன் காயம் சுத்தமாக வேண்டும் என்று கண்டார். ஹென்றி டேக்கின் என்னும் ஆங்கில இரசாயன நிபுணரோடு சேர்ந்து, குளோரின் கலந்த ஒரு கழுவு நீரைப் பயன்படுத்தினார். காயத்தை நன்றாகத் திறந்து, செத்த சதையை வெட்டி அகற்றி, துளையிட்ட றப்பர்க் குழாய்களை உள்ளே செலுத்தி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அந்நீரைப் பாய்ச்சினார்கள். காயத்திலுள்ள கிருமிகளை நுணுக்குக்காட்டியில் எண்ணிப் பார்த்து, அவை குறைந்தபின்பே காயத்தை மூடினார்கள். தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்த எத்தனையோ கால்கள் இவ்விதம் துண்டிக்கப்படாமல் தப்பின.

இருள் படிந்த பக்கம்

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் கதை அழகாக முடிந்துவிடும். ஆனால் உண்மை முழுவதையும் சொன்னதாகாது.

யுத்தத்தின் பின் நியூயோர்க்குக்குத் திரும்பிய கரெல், விமானி லின்ட்பேர்க்கோடு சேர்ந்து, உடலுக்கு வெளியே எடுத்த உறுப்புகளைச் சில காலம் உயிரோடு வைத்திருக்கும் கண்ணாடி இயந்திரம் ஒன்றை 1935ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதே ஆண்டு, அறியப்படாத மனிதன் என்ற பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய நூல் உலகெங்கும் விற்பனையாயிற்று. அந்நூலில் செபத்தைப் பற்றியும் ஆன்மாவைப் பற்றியும் நல்ல கருத்துகள் உண்டு. ஆனால் அதே நூலில், மனித இனத்தைத் தெரிவு செய்து உயர்த்த வேண்டும் என்றும், கொடிய குற்றவாளிகளையும் குற்றம் புரிந்த மனநோயாளர் சிலரையும் நச்சுவாயுவால் நீக்கிவிடலாம் என்றும் அவர் எழுதினார். அடுத்த ஆண்டு வெளிவந்த ஜேர்மன் பதிப்பின் முன்னுரையில், அந்நாட்டு நாசி அரசு இவ்வகையில் எடுத்த நடவடிக்கைகளைப் பாராட்டினார். 1941ஆம் ஆண்டு, ஜேர்மனியரோடு ஒத்துழைத்த விஷி அரசின் ஆதரவில் மனித பிரச்சினைகளை ஆராயும் நிறுவனம் ஒன்றைப் பொறுப்பேற்றார்.

பிறந்து சில நாட்களேயான குழந்தையின் நூல் போன்ற நாளத்தைக் காப்பாற்ற இரவில் எழுந்து சென்ற அதே மனிதர்தான், வேறு சிலருடைய உயிர் உலகுக்கு வேண்டியதில்லையென்று எழுதினார். இதை என்னவென்று சொல்வது? நோயாளியை நேரில் கண்டபோது அவருடைய கைகள் இரங்கின. மனிதரை ஒரு கூட்டமாக எண்ணி ஏட்டில் தீர்ப்பிட்டபோது அந்த இரக்கம் போய்விட்டது. எந்த மனித உயிரும் இறைவன் கொடுத்ததே என்ற நமது விசுவாசத்துக்கு அவருடைய அந்த எழுத்து முற்றிலும் முரணானது. லூர்து நகரில் நின்றவர் என்பதற்காக அதை நாம் மூடி மறைக்கத் தேவையில்லை.

லியோன் நகர் 1969ஆம் ஆண்டில் தனது வைத்திய பீடம் ஒன்றுக்கு அவருடைய பெயரைச் சூட்டியது. இக்கருத்துகளை முன்னிட்டு எழுந்த எதிர்ப்பினால் 1996ஆம் ஆண்டில் அப்பெயர் நீக்கப்பட்டது.

இறுதிக் காலம்

1944ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பாரிஸ் விடுதலையடைந்தபோது கரெல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். எதிரியோடு ஒத்துழைத்தவர் என்ற குற்றச்சாட்டு அவர்மேல் விழுந்தது. இருதய நோயால் வருந்திய அவர், எவ்வித விசாரணைக்கும் முன்னரே, நவம்பர் 5ஆம் திகதி பாரிசில் இறந்தார்.

இறுதி ஆண்டுகளில் துறவி தொம் அலெக்சிஸ் பிரெஸ் என்பவரின் நட்பு அவரைத் திருச்சபையின் விசுவாசத்துக்கு மீண்டும் அழைத்து வந்தது. இளமையில் கைவிட்ட செபத்தை முதுமையில் கையெடுத்தார். தேவதிரவிய அனுமானங்களைப் பெற்று மரித்தார். பிரித்தானிக் கரையோரமாக அவர் வாழ்ந்த செயின்ட் ஜில்டாஸ் என்னும் சிறு தீவிலே அடக்கம் செய்யப்பட்டார். லூர்துப் பயணத்தைப் பற்றி அவர் எழுதி வைத்திருந்தது அவர் இறந்தபின்பே நூலாக வெளிவந்தது. அவருடைய கணக்கை முடிக்க வேண்டியவர் ஆண்டவர்; நாமல்ல.

தையல் பலன் தந்த காலம்

அவர் இறந்த வேளையிலும் யுத்தகளத்தில் அவருடைய தையல் அருமையாகவே கையாளப்பட்டது. இரண்டாம் உலக யுத்தத்தில் நாடி காயப்பட்ட 2,471 அமெரிக்கப் போர்வீரரின் விபரங்களை டொக்டர் டிபேக்கியும் டொக்டர் சிமியோனும் 1946ஆம் ஆண்டு வெளியிட்டனர். அவர்களுள் 81 பேருக்கு மட்டுமே நாடி தைக்கப்பட்டிருந்தது. மொத்தத்தில் 100க்கு 40 பேர் அந்த அவயவத்தை இழந்தனர். முழங்காலின் பின்னேயுள்ள நாடி காயப்பட்டவர்களுள் 100க்கு 70க்கு மேற்பட்டோர் காலை இழந்தனர்.

பின்பு 1950களின் தொடக்கத்தில் கொரிய யுத்தம் வந்தது. காயப்பட்டவரை ஹெலிகொப்டர் விரைவாகக் கொண்டு வந்தது. பெனிசிலின் கிருமியை அடக்கியது. இரத்தம் தாராளமாக ஏற்றப்பட்டது. இளம் சத்திர வைத்தியர்கள் நாடியைக் கட்டாமல் தைக்கத் துணிந்தார்கள். துண்டிக்கப்பட்டவர்களின் தொகை 100க்கு 13 ஆகக் குறைந்தது. 1902ஆம் ஆண்டில் தெரிந்த தையல், முறிந்த காலுக்கு உதவ ஐம்பது ஆண்டுகள் எடுத்தன. நேரமும் சுத்தமும் இரத்தமும் கூடி வந்தபோதுதான் பூவேலைக்காரியின் ஊசி தன் வேலையைச் செய்தது.

இன்று இத்தகைய காலோடு ஒருவர் வந்தால், எலும்பு வைத்தியரும் நாடி வைத்தியரும் ஒன்றாகவே நிற்பார்கள். வேண்டுமாயின் முதலில் அறுந்த நாடியின் இரு முனைகளுக்கும் இடையே சிறு பிளாஸ்டிக் குழாயை வைத்துத் தற்காலிகமாக இரத்தத்தை ஓடவிடுவார்கள். பிறகு எலும்பில் ஆணிகளைச் செலுத்தி, காலுக்கு வெளியே உலோகச் சட்டம் பூட்டி அசையாமல் நிறுத்துவார்கள். எலும்பு ஆடினால் தையல் அறுந்துவிடுமல்லவா? அதன்பின் மற்றக் காலிலிருந்து நாளத் துண்டொன்றை எடுப்பார்கள். நாளத்தினுள் இரத்தத்தை ஒரே திசையில் விடும் கதவுகள் உண்டு. ஆகவே அதைத் தலைகீழாகத் திருப்பி நாடியின் இடைவெளியில் தைப்பார்கள். இரத்தம் மீண்டும் பாயும்போது தசைகள் வீங்கித் தம்மைத் தாமே நெரித்துக் கொள்ளும். அதைத் தடுக்கக் கெண்டைக்காலின் தசையுறையை நீளமாகக் கீறித் திறந்துவிடுவார்கள். அந்த நீண்ட காயத்தைக் கண்டு உறவினர் அஞ்சுவதுண்டு. காலைக் காப்பதற்காகவே அது திறக்கப்படுகிறது.

எல்லாக் கால்களையும் காப்பாற்ற முடியாது என்பதையும் அறிந்திருங்கள். உயிரா காலா என்ற நிலை வந்தால் உயிரே முதலிடம் பெறும். நரம்பும் சதையும் நசிந்து போனால், வருடக்கணக்காக மீண்டும் மீண்டும் சத்திரசிகிச்சைக்கு உட்படுவதைவிடச் செயற்கைக் காலோடு விரைவில் எழுந்து நடப்பது சிலருக்கு நன்மையாயிருக்கும். அமெரிக்காவில் எட்டு வைத்தியசாலைகளில் செய்யப்பட்டு 2002ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, இரண்டு வருட முடிவில் கால் காக்கப்பட்டவர்களும் துண்டிக்கப்பட்டவர்களும் அன்றாட வாழ்வில் ஏறக்குறைய ஒரே நிலையிலேயே இருந்தார்கள் என்று காட்டியது. கால் இழந்த எவரும் வாழ்வை இழந்தவரல்லர்.

ஒவ்வொரு குடும்பமும் அறிய வேண்டியது

விபத்தில் ஒருவருடைய கால் முறிந்தால் எண்ணெய் பூசி உருவாதீர்கள். இறுக்கிக் கட்டுப் போடும் இடத்துக்குக் கொண்டு செல்லவும் வேண்டாம். இரத்தம் பெருகினால் சுத்தமான துணியை வைத்துப் பலமாக அழுத்துங்கள். அதற்கும் அடங்காமல் பீறிட்டால் மட்டும், காயத்துக்கு மேலே அகலமான துணியால் இறுகக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கால் ஆடாதபடி பலகையோடு சேர்த்துக் கட்டுங்கள். இரு பாதங்களையும் தொட்டுப் பாருங்கள். காயப்பட்ட கால் குளிர்ந்தோ வெளிறியோ, உணர்வற்றோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சத்திரசிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். விபத்து நடந்த நேரத்தை வைத்தியரிடம் மறவாமல் சொல்லுங்கள். அந்த 6 மணித்தியாலத்தை மனத்தில் வையுங்கள்.

அன்பான வாசகர்களே, கரெலின் நூலை இன்று வாசிப்போர் சிலரே. அவர் பெயர் பொறித்த பலகைகளும் பல இடங்களில் கழற்றப்பட்டுவிட்டன. ஆனால் அறுந்த நாடியின் முன் ஊசியோடு குனியும் ஒவ்வொரு வைத்தியரும், அவர் போட்ட தையலின் வழியே இன்னமும் செல்கிறார். அவருடைய கைகள் செய்த நன்மைக்காக இறைவனுக்கு நன்றி கூறுவோம். அவருடைய பேனா செய்த தவறு நம்மிடையே மீண்டும் தலைதூக்காதபடி விழித்திருப்போம். பெயரும் புகழும் தேடாமல், தம்மிடம் வந்த இளம் வைத்தியருக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்த அந்தப் பூவேலைக்காரி லெருடியே அம்மையாரையும் ஒருமுறை நினைத்துக்கொள்வோம்.